பர்ஹாதியாவின் கற்கள்

போஸ்னியாவின் பன்யா லூக்கா நகரில் 1579இல் எழுந்தது பர்ஹாதியா பள்ளிவாசல். கட்டுவித்தவர் உதுமானிய ஆளுநர் பர்ஹாத் பாஷா சொகோலோவிச். 1575ஆம் ஆண்டுப் போரில் வீழ்ந்த ஆப்ஸ்பர்க் தளபதியின் தலைக்கும், சிறைப்பட்ட அவர் மகனுக்கும் பெற்ற மீட்புப் பணமே இதற்கு முதல் என்பது மரபுச் செய்தி. தொழுமிடத்தின் மேல் பெருங்குவிமாடம்; திசை காட்டும் மிஹ்ராபின் மேல் அரைக்குவிமாடம்; முகமண்டபத்தில் மூன்று சிறு குவிமாடங்கள்; ஒற்றை மினார். இஸ்தான்புல்லின் பேரரசுப் பள்ளிவாசல்களோடு ஒப்பிடச் சிறியதே. ஆயினும் அளவறிந்த அழகு என்பது நம் துணிபு.

1993 மே 7 அதிகாலையில், போஸ்னியப் போரின் நடுவே, இதனை வெடிவைத்துத் தகர்த்தனர். அந்நகரின் 16 பள்ளிவாசல்களும் அப்போரில் அழிந்தன. தகர்த்த பின்னும் சினம் தணியவில்லை போலும்: கற்களை அள்ளிச் சென்று குப்பைமேட்டில் கொட்டினர்.

2001 மே 7இல் மீண்டும் அடிக்கல் நாட்டக் கூடியோரைக் கும்பலொன்று தாக்கியது. காயமுற்ற முதியவர் ஒருவர் பின்னர் இறந்தார். எனினும் பணி தொடர்ந்தது. குப்பைமேட்டில் தேடி மீட்ட கற்களை அளந்து, பழைய வரைபடங்களோடும் ஒளிப்படங்களோடும் ஒப்பிட்டு, அதனதன் இடத்தைக் கண்டறிந்தனர். கிடைக்காதவற்றுக்கு மட்டும் புதுக்கல் செதுக்கினர். இதனைப் புதிய கட்டடம் என்பாரும் உளர். நாம் பழைய பர்ஹாதியா என்றே கொள்கிறோம். அதன் கதவு 2016இல் திறந்தது. நாள், அதே மே 7.