கோடை மழைக்கு ஒரு கூரை

மழையை வாழ்த்திப் பாடிய மரபில் வந்தவர்கள் நாம். வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பையே வைத்தார். மழை வந்தால் விருந்து வந்தது போல மகிழும் நமக்கு, மழையால் ஒரு மக்கட் கூட்டமே ஆண்டுதோறும் மனம் வாடிற்று என்றால் நம்புவது எளிதன்று. ஆயினும் பிரித்தானியத் தீவில் அது நடந்தது. ஆண்டு முழுதும் ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்தவன் ஒரு வாரம் கடலைக் காண வந்தான். வந்த இடத்தில் வானம் கறுத்தது. அவனுக்குக் கூரை ஒன்று அமைத்துக் கொடுத்து, அதனாலேயே பெருஞ்செல்வரும் ஆனவர் கனடாவிலிருந்து கப்பலேறி வந்த ஓர் இளைஞர். நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் அவர் வரலாற்றைச் சொல்ல விழைகிறேன். ஓய்வு என்பது யாருக்கு உரியது என்ற பெரிய வினா அதனுள் அடங்கியிருக்கிறது.

விடுமுறை பிறந்த கதை

உழைப்பாளிக்கு ஓய்வு என்பது இயல்பாக வந்ததன்று. சிறிது சிறிதாகப் பெறப்பட்டது. 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யலாகாது என்றது. அந்தச் சனிக்கிழமைப் பிற்பகலே இன்று உலகெங்கும் பரவியுள்ள வார இறுதி ஓய்வுக்கு வித்தாயிற்று எனலாம். அதற்கு முன்பே, 1841 ஜூலை 5இல், தாமஸ் குக் என்பவர் மதுவிலக்குக் கூட்டம் ஒன்றிற்காக ஏறத்தாழ 500 பேரை லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்குத் தனி இரயிலில் அழைத்துச் சென்றிருந்தார். கட்டணம் 1 ஷில்லிங். ஏழை எளியவரும் ஒருநாள் உலா செல்லக்கூடும் என்பதை அந்தப் பயணம் காட்டிற்று.

1871இல் சர் ஜான் லபக் கொண்டுவந்த வங்கி விடுமுறைச் சட்டம், ஆகஸ்ட் மாதத்தின் முதல் திங்கட்கிழமையைப் பொது விடுமுறையாக்கியது. அன்று தலைநகரமே கடற்கரைக்குப் பெயர்ந்தது. லங்காஷயர்ப் பஞ்சாலை நகரங்களிலோ ஊர் முழுவதும் ஆலைகளை மூடி ஒரு வாரம் கடற்கரைக்குச் செல்லும் வழக்கம் இருந்தது. அந்த வாரத்திற்குக் கூலி கிடையாது. ஆண்டெல்லாம் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு அந்த ஏழு நாட்களில் கரையும். ஆதலின் அந்த ஏழு நாட்களில் பெய்யும் மழை, அவர்கள் சேமிப்பின்மேல் பெய்யும் மழையாகவே இருந்தது.

வானத்தின் இயல்பு

அந்நாட்டு மழை நம் மழை போன்றதன்று. இலண்டன் மாநகரில் ஓர் ஆண்டில் பெய்வது ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதில் பாதிக்கும் குறைவு. ஆயினும் சென்னை மழை சில திங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அங்கோ அட்லாண்டிக் பெருங்கடலில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கிலிருந்து வந்துகொண்டே இருக்கும். கோடையும் அதற்கு விலக்கன்று. மேற்கு மலைகளில் மோதி மேகங்கள் நீரை இறக்கிவிடுவதால் மேற்கே மழை மிகுதி. கிழக்குக் கடற்கரையில் குறைவு. ஏரி மாவட்டத்தைச் சேர்ந்த சீத்வெயிட் என்னும் சிற்றூரில் ஆண்டு மழை 3000 மில்லிமீட்டருக்கும் மேல். கிழக்கே லிங்கன்ஷயர்க் கரையில் அதில் ஐந்தில் ஒரு பங்கே பெய்கிறது.

ஜூலை 15ஆம் நாள் புனித சுவிதின் திருநாள். அன்று மழை பெய்தால் தொடர்ந்து நாற்பது நாள் பெய்யும் என்பது அம்மக்களின் பழநம்பிக்கை. வானிலையை முன்னுரைக்கும் அரசு முயற்சியும் அங்குதான் தொடங்கிற்று. கடற்படைத் தளபதி ஃபிட்ஸ்ராய் 1861 ஆகஸ்ட் 1 முதல் நாளிதழில் வானிலை முன்னறிவிப்பு வெளியிட்டார். அது பிழைத்தபோதெல்லாம் எள்ளப்பட்டார். மழை அங்கு வெறும் தொல்லையாக மட்டும் நின்றதுமில்லை. 1952 ஆகஸ்ட் 15 இரவு, விடுமுறைக் காலத்தின் உச்சத்தில், டெவன் மாவட்டத்து லின்மத் என்னும் கடற்கரைச் சிற்றூரை மலைவெள்ளம் அடித்துச் சென்றது. 34 உயிர்கள் மாண்டன.

கனடாவில் வளர்ந்த பிள்ளை

வில்லியம் பட்லின் 1899 செப்டம்பர் 29இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் பிறந்தார். பில்லி என்பது அழைக்கும் பெயர். பெற்றோர் பிரிந்தனர். தாய் பிள்ளையோடு இங்கிலாந்து திரும்பினார். தாய்வழிக் குடும்பத்தார் ஊர் ஊராகச் சென்று திருவிழாக் கடை போடுபவர்கள். பின்னர்த் தாய் மறுமணம் செய்துகொண்டு கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். சிற்றன்னையின் பொறுப்பில் விடப்பட்ட சிறுவன் சில ஆண்டுகள் கழித்தே டொராண்டோவில் தாயோடு சேர்ந்தான்.

பதின்வயதிலேயே பள்ளியை விட்டு, ஈட்டன் என்னும் பெரும் பல்பொருள் அங்காடியில் வேலைக்குச் சேர்ந்தார். அந்நிறுவனம் தன் ஊழியர்களுக்காக ஏரிக்கரையில் கோடை முகாம் ஒன்று நடத்தி வந்தது. மரக்குடில்கள், நீச்சல், கூடி உண்ணல், மாலையில் ஆடல் பாடல். உண்மையான விடுமுறை இன்னதென்று தாம் அறிந்தது அங்கேதான் என்று பட்லின் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கனடியக் குளிர்காலம் கொடியது. ஆனால் அங்குக் கோடை சொன்ன சொல் தவறாது. ஜூலையில் ஏரிக்கரைக்குச் சென்றவன் வெயிலைக் கண்டே திரும்புவான்.

முதல் உலகப் போரில் கனடியப் படையில் சேர்ந்து, ஃபிரான்சில் காயமுற்றோரைத் தூக்கிச் செல்லும் பணி புரிந்தார். போர் முடிந்து டொராண்டோ திரும்பியவருக்கு அங்கு மனம் ஒட்டவில்லை. 1921இல் கால்நடை ஏற்றிய கப்பலில் வேலை செய்துகொண்டே லிவர்பூல் வந்திறங்கினார். கையிலிருந்தது 5 பவுன். பணத்தை மிச்சப்படுத்தப் பிரிஸ்டல் வரை நடந்தே சென்றார் என்பர். அவர் வந்திறங்கிய 1921, இங்கிலாந்து கண்ட கடும் வறட்சி ஆண்டுகளுள் ஒன்று! வானம் தன் உண்மை முகத்தை அவருக்குப் பின்னரே காட்டிற்று. உறவினரின் திருவிழாக் கூட்டத்தில் வளையம் வீசும் விளையாட்டுக் கடை ஒன்றைத் தொடங்கினார். மற்றவர் கடைகளில் பரிசு பெறுவது அரிது. இவர் எளிதில் வெல்லும்படி வைத்தார். கூட்டம் இவரிடம் வந்தது.

கதவடைத்த வீடு

வேல்ஸ் நாட்டுத் தென்கரையில், கார்டிஃப் நகருக்கு அருகில் பாரித் தீவு உள்ளது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் கோடையில் அங்குத்தான் குவியும். விடுமுறைக்கு வந்தோர் தங்கியவை சிறு உணவு விடுதிகள். பெரும்பாலும் பெண்கள் தம் வீட்டையே விடுதியாக்கி நடத்தியவை. காலையுணவு முடிந்ததும் விருந்தினர் வெளியேறிவிட வேண்டும். அடுத்த உணவு வேளை வரை உள்ளே வரக்கூடாது. மேசைமேல் வைத்த உப்பு, மிளகுக் குப்பிகளுக்குத் தனிக் கட்டணம் வாங்கிய விடுதிகளும் உண்டு.

மழை பெய்த ஒரு நாளில் பட்லின் அங்கு இருந்தார். கைக்குழந்தைகளோடு நனைந்தபடி தெருத்தெருவாக அலைந்த குடும்பங்களைக் கண்டார். அவர்கள் தங்கியிருந்த வீடுகள் சில அடி தூரத்தில்தான் இருந்தன, கதவுகள் மூடியிருந்தன. அவருக்குக் கனடாவின் ஏரிக்கரை முகாம் நினைவுக்கு வந்தது. எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்து, மழை வந்தாலும் வாயில் மூடாமல், உள்ளேயே உணவும் களிப்பும் கிடைத்தால் எப்படியிருக்கும் என்று எண்ணினார்.

இது அவரே சொன்ன கதை. காட்சித் தொழிலில் வளர்ந்தவர் தம் கதையையும் அழகுபடுத்தியிருக்கக்கூடும் என்பதை வரலாறு எழுதுவோர் மறத்தலாகாது. விடுமுறை முகாமை முதலில் கண்டவரும் அவரல்லர். 1894இலேயே மான் தீவில் கனிங்ஹாம் என்பவர் இளைஞர்களுக்குக் கூடார முகாம் நடத்தினார். 1906இல் நார்ஃபோக் கடற்கரையில் பொதுவுடைமை நாட்டமுடையோரின் முகாம் ஒன்று எழுந்தது. விடுதிப் பெண்களைக் கொடியவராகவே காண்பதும் நேர்மையன்று. ஒற்றை ஆளாகச் சமைத்து, துவைத்து, படுக்கை விரித்து, சில வாரக் கோடை வருவாயில் ஆண்டு முழுதும் வாழ வேண்டியவர்கள் அவர்கள். ஆயினும் மூடிய கதவு உண்மை. நனைந்த குழந்தைகளும் உண்மை.

ஸ்கெக்னெஸ்

பட்லின் தம் முகாமுக்குத் தேர்ந்த இடம் மழை குறைந்த கிழக்குக் கரை. லிங்கன்ஷயரின் ஸ்கெக்னெஸ் ஊரை 1908இலேயே இரயில் நிறுவனத்தார் விளம்பரப்படுத்தியிருந்தனர். ஜான் ஹாசல் தீட்டிய சுவரொட்டியில் பருத்த மீனவர் ஒருவர் மணலில் துள்ளி ஓடுவார். அங்கு மழை குறைவு. ஆனால் வடகடற் காற்று எலும்பைத் துளைக்கும். அதையே உடலுக்கு உரமூட்டும் காற்று என்று விற்ற சொல்வன்மை கவிஞர்கள் வியக்கத்தக்கது.

கிழங்கு விளைந்த வயல்வெளியில் எழுந்த முகாம் 1936 ஏப்ரல் 11இல் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர், 1930இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே விமானம் ஓட்டிச் சென்ற ஆமி ஜான்சன் அம்மையார். பருவத்திற்கேற்ப வாரக் கட்டணம் 35 ஷில்லிங் முதல் 3 பவுன் வரை. மூவேளை உணவும் கேளிக்கைகளும் அதிலேயே அடக்கம். உப்புக்குத் தனிக் காசில்லை.

கூரை அமைத்தாயிற்று, ஆனால் அதன்கீழ் இருந்தவர்கள் மகிழவில்லை. முன்பின் அறியாதவர்கள் ஒரே கூடத்தில் அமர்ந்தும் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தனர். இதைக் கண்ட பட்லின், பொறியாளராக வந்திருந்த நார்மன் பிராட்ஃபோர்டை அழைத்துக் கூட்டத்தைக் கலகலப்பாக்கச் சொன்னார். அவர் மேடையேறி நகைச்சுவை சொன்னார். பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்கிப் பெயர் சொல்லுமாறு தூண்டினார். கூடம் உயிர் பெற்றது. பின்னாளில் புகழ்பெற்ற செஞ்சட்டைப் பணியாளர் மரபு அவ்வாறு பிறந்தது. மழைக்கு வேண்டியது கூரை மட்டுமன்று, கூரையின்கீழ் ஒரு குரலும் வேண்டும் என்பதை அந்த நிகழ்ச்சி காட்டுகிறது.

சட்டமும் போரும்

1938இல் ஊதியத்துடன் கூடிய விடுமுறைச் சட்டம் நிறைவேறிற்று. ஆண்டுக்கு ஒரு வாரம் கூலியோடு ஓய்வு என்ற கோட்பாட்டுக்கு அது வழி திறந்தது. தொழிற்சங்கங்கள் நெடுங்காலம் வேண்டிப் போராடிய உரிமை அது. ஒரு வாரக் கூலிக்கு ஒரு வார விடுமுறை என்று பட்லின் விளம்பரம் செய்தார். தொழிலாளியின் வெற்றியில் வணிகர் தம் ஆதாயத்தைக் கண்டார் என்று இதைக் குறை கூறலாம். ஆனால் சட்டம் தந்த ஏழு நாளைச் செலவிட எளியவருக்கு இடம் ஒன்று வேண்டியிருந்தது என்பதும் மெய்.

அவ்வாண்டே கிளாக்டனில் இரண்டாம் முகாம் எழுந்தது. 1939இல் போர் மூண்டது. ஸ்கெக்னெஸ் முகாம் கடற்படைப் பயிற்சித் தளமாயிற்று. அரசுக்காகப் புதிய முகாம்களைக் கட்டிக் கொடுத்து, போருக்குப்பின் குறைந்த விலையில் பெற்றுக்கொள்ளும் உடன்பாட்டைப் பட்லின் செய்துகொண்டார். வணிகத்தில் அவர் அப்பாவி அல்லர். போர் ஓய்ந்ததும் குண்டுமழை கண்ட மக்கள் திரண்டு வந்தனர். ஃபைலி முகாமுக்கு 1947இல் தனி இரயில் நிலையமே திறக்கப்பட்டது. ஒலிபெருக்கியில் எழுப்பி, ஒலிபெருக்கியில் உண்ண அழைக்கும் இவ்வாழ்க்கை படைமுகாமை ஒத்ததென்று எள்ளியவரும் இருந்தனர். எள்ளியவர் பலர், மழை பெய்தால் மூடிய கதவின்முன் நிற்க நேராதவர்.

விந்தை ஒன்றுண்டு. வெயிலுக்குக் குறைவில்லாத பஹாமாத் தீவில் பட்லின் தொடங்கிய விடுமுறை ஊர், 1950இல் பணமுடையால் வீழ்ந்தது. மழை நாட்டில் வென்றவர் வெயில் நாட்டில் தோற்றார். 1964இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1966இல், தாம் நனைந்த குடும்பங்களைக் கண்ட அதே பாரித் தீவில் முகாம் திறந்தார். பிரித்தானிய மண்ணில் அவர் அமைத்த இறுதி முகாம் அதுவே.

மழை விரட்டிய மக்கள்

ஆனால் காலம் மாறிற்று. விமானக் கட்டணம் குறைந்ததும் மக்கள் ஸ்பெயினின் வெயிலைத் தேடிப் பறந்தனர். கூரை விற்றவரைக் கதிரவன் வென்றான். 1968இல் பட்லின் ஓய்வு பெற்றார்; 1972இல் நிறுவனம் கைமாறிற்று. 1980 ஜூன் 12இல் ஜெர்சித் தீவில் மறைந்தார். 1983இல் கிளாக்டனும் ஃபைலியும் மூடப்பட்டன. சில ஆண்டுகளில் பாரித் தீவும் பட்லின் பெயரை இழந்தது. ஸ்கெக்னெஸ், மைன்ஹெட், போக்னர் ரீஜிஸ் ஆகிய மூன்றே எஞ்சின. 1990களின் இறுதியில் அம்மூன்றின் நடுவிலும் மாபெரும் வெண்கூடாரக் கூரைகள் எழுப்பப்பட்டன, மழையிலும் மக்கள் நனையாமல் கூடியிருப்பதற்காக. நிறுவியவர் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தும் அவர் கண்ட தேவை மறையவில்லை.

அயல்நாட்டிலிருந்து வந்த ஒருவர், ஊரார் விதியென்று பொறுத்துக்கொண்டதைப் பொறுக்க மறுத்தார். அவர் வேறு கோடையை அறிந்திருந்தார்; அதனாலேயே இக்கோடையின் குறை அவர் கண்ணுக்குப் பட்டது. வானத்தை மாற்ற அவரால் இயலவில்லை; கதவை மாற்ற இயன்றது. பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் ஒரு கூடத்தில் கூடிக் கவிதை படித்துவரும் நாமும் முதல் நாளில் ஒருவரையொருவர் அறியாதவர்களாகவே அமர்ந்திருந்தோம். யாரோ ஒருவர் எழுந்து, பக்கத்தில் இருப்பவரின் பெயரைக் கேட்டார்.