நள்ளிரவுச் சோற்று மணி
தஞ்சாவூரில் எந்த ஹோட்டல் சாப்பாடு நல்லா இருக்கும் என்று எங்கள் வகுப்பில் தினமும் சண்டை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்தச் சண்டைக்கே வழியில்லை. சோற்றைக் காசுக்கு விற்பதே பாவம் என்று நினைத்த காலம் (காமர்ஸ் படிக்கிற எனக்கு இது ஜீரணமாகவில்லை!). வெளியூர்க்காரருக்குச் சத்திரம்தான் கதி. இராமேஸ்வரம் போகிற பாதையில் மராட்டிய மன்னர்கள் வரிசையாகக் கட்டி, செலவுக்குக் கிராமங்களையும் எழுதி வைத்தார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி கட்டியது.

கம்பெனிக்காரர்கள் இந்தத் தர்மத்தில் கை வைத்துவிடக் கூடாதே என்று 1801இல் ரெசிடென்ட் டோரினுக்கு சரபோஜி ஒரு கடிதம் எழுதினார். பிராமணர் முதல் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் வரை, யார் வந்தாலும் சோறு உண்டு என்கிறார். சமைத்தது வேண்டாம் என்பவருக்கு அரிசியும் மளிகைச் சாமானும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்களைக் கூப்பிட்டுப் போடுவார்களாம்! எனக்குப் பிடித்தது இந்த மணிதான்.

ஆனால் எல்லோருக்கும் சோறு என்றால் எல்லோருக்கும் ஒரே பந்தி என்று அர்த்தமில்லை. யார் சமைத்தது, பக்கத்தில் யார் உட்காருவது என்ற கேள்வி அன்றும் இருந்தது. சத்திரம் போய் ஹோட்டல் வந்தபோது அது போர்டாகவே மாறியது: 'பிராமணாள் ஹோட்டல்'. ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில்கூட பிராமணாளுக்கு ஓர் இடம், 'இதராள்' என்று மற்றவர்களுக்கு வேறு இடம். டிக்கெட் காசு மட்டும் எல்லோருக்கும் ஒன்று. பெரியார் இயக்கத்தின் எதிர்ப்புக்குப் பிறகு, 1941இல்தான் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது.