கற்காலமா, சிப்பிக்காலமா?

இந்த எபிசோடை செஞ்சியிலிருந்து பேசுறேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறைதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று. கல்லில் கட்டியது நிற்கிறது, அதனால் அந்த வரலாறு நம் கண்ணில் படுகிறது. சரி, கல்லைவிட சிப்பியை அதிகம் நம்பி வாழ்ந்தவங்க வரலாறு என்ன ஆச்சு?

1761-ல் இந்தக் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. 28 வருஷம் கழித்து, 1789-ல், அதே கிழக்கிந்தியக் கம்பெனி அந்தமானில் ஒரு குடியேற்றம் அமைத்தது. அங்கே பல நூறு தலைமுறைகளாக மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் இருந்த முக்கியமான கருவிகளில் ஒன்று, அலையாத்திக் காட்டுச் சேற்றில் கிடைக்கும் ஒரு பெரிய மட்டியின் ஓடு.

அதை வைத்து என்னவெல்லாம் செய்தாங்க தெரியுமா? போர்ட் பிளேரில் அதிகாரியாக இருந்த இ. எச். மேன் 1880களில் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். மூங்கில் கத்தியைத் தீட்ட, வில்லை இழைத்து வழவழப்பாக்க, கூரை ஓலையைக் கிழிக்க, கயிற்றுக்கு நார் பிரிக்க, ஏன், குழம்பை அள்ளிக் குடிக்கக்கூட அதே ஓடுதான். நாட்டிலஸ் ஓடு தண்ணீர்க் குவளையாக இருந்தது. இரும்பு வந்து சேர்ந்த பிறகும் சிப்பியை அவர்கள் கைவிடவில்லை. நாமளும் குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டினவங்கதானே?

ஐரோப்பியர் வருவதற்கு ரொம்ப முந்தைய சான்றும் உண்டு. தெற்கு அந்தமானில் சௌல்தாரி என்ற இடத்தில் ஒரு சிப்பி மேடு இருக்கிறது. தின்றுவிட்டுப் போட்ட ஓடும் எலும்பும் உடைந்த பானையும் தலைமுறை தலைமுறையாகக் குவிந்த மேடு. தொல்லியலாளர் ஜரீன் கூப்பர் 1980களில் அங்கே அகழாய்வு செய்தார். அதன் காலம் சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன்பு.

இங்கேதான் சிக்கல். 1863-ல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் கையில் எடுத்த கல், பார்த்தாலே செதுக்கியது என்று தெரியும். சிப்பி அப்படி இல்லை. தின்று எறிந்ததா, கத்தியாகத் தேய்ந்ததா? விளிம்பை உருப்பெருக்கி வைத்துப் பார்க்கணும். ஜாவாவில் டிரினில் என்ற இடத்தில் 1890களில் தோண்டி எடுத்த சிப்பிகள் நெதர்லாந்து அருங்காட்சியகத்தில் நூறு வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்தன. 2014-ல்தான் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்: அதில் ஒன்று கருவி, இன்னொன்றில் கோடு கீறியிருக்கிறது, வயது நாலு லட்சம் வருஷத்துக்கும் மேல்!

நாம் தேடிய பொருள் கல் என்பதால் அந்தக் காலத்துக்குக் 'கற்காலம்' என்று பெயர் வைத்தோம். அதே பெயரை இன்று வாழும் ஜாரவாக்கள், ஓங்கிகள், சென்டினல் தீவினர் மேல் ஒட்டி, 'கற்கால மனிதர்கள்' என்று செய்தி போடுகிறோம். அவர்கள் நம் காலத்து மனிதர்கள். தங்கள் கடற்கரையில் எது கூர்மையாகக் கிடைத்ததோ அதை அறிந்து பயன்படுத்தியவர்களின் வாரிசுகள். பின்தங்கியவர்கள் என்று முடிவு கட்டி அவர்கள் காட்டுக்குள் சாலை போடுவதற்கு அந்த ஒரு சொல் எவ்வளவு வசதியாக இருக்கிறது, யோசிச்சுப் பாருங்க.