‘செல் ஃபிஷ் ஒன்’: சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தில் ஒரு வினையாலணையும் பெயர்

‘தி அங்கிள் செல் ஃபிஷ் ஒன் நாட் ஹியர் டுடே.’ கிளமெண்டி அவென்யூ 3இல் உள்ள 448ஆம் புளோக் ஈரச்சந்தையில் இப்படி ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மீன் விற்கும் பெரியவர் இன்று வரவில்லை என்பது பொருள். தரமான ஆங்கிலம் இங்கே ‘ஹூ’ என்ற தொடர்புப் பிரதிப்பெயரைக் கேட்கும். ‘அங்கிள்’ என்ற பெயருக்குப் பின் அதை வைத்து, அதன்பின் வினையைச் சொல்லும். மேற்கண்ட வாக்கியத்தில் ‘ஹூ’ இல்லை. தொடரின் முடிவில் ‘ஒன்’ நிற்கிறது. இந்த ‘ஒன்’னுக்கு ஆய்வுலகில் இதுவரை பெரிதும் ஏற்கப்பட்டுவந்த விளக்கம், அது சீனமொழியின் ‘த’ என்னும் இடைச்சொல் ஆங்கில உடை போட்டு வந்தது என்பதே. பெயருக்குப் பின் தொடர் வருவதை ஆங்கிலம் தந்தது, தொடரின் இறுதியில் குறி வருவதைச் சீனம் தந்தது, ஆகவே ‘ஒன்’ என்பது இடம் மாறி நிற்கும் ஒரு தொடர்புப் பிரதிப்பெயர் என்று அவ்விளக்கம் முடியும். முதல் பாதியில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. முடிவு தவறு என்று கருதுகிறேன்.

பாதி ஒரு மொழியிடமிருந்தும் மீதி இன்னொரு மொழியிடமிருந்தும் வந்தது என்று பிரித்துச் சொல்வது எளிது. ஏன் இந்தப் பாதி அங்கிருந்து வரவேண்டும் என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. சீனத்தில் அடைத்தொடர் பெயருக்கு முன்னால் வரும்: ‘மாய் யூ த ரன்’, அதாவது மீன் விற்கிற ஆள். தமிழும் அப்படியே. சீனத்தின் ‘த’வும் தமிழ்ப் பெயரெச்சத்தின் அகர விகுதியும் தாம் அடையாக நிற்கும் பெயரைத் தொட்டுக்கொண்டு நிற்பவை. சிங்கப்பூர்த் தொடரில் ‘ஒன்’ அந்தப் பெயரிலிருந்து மிகத் தொலைவில், மறுகோடியில் நிற்கிறது. பெயரையும் தொடரையும் இணைப்பதுதான் அதன் வேலை என்றால், இணைக்கவேண்டிய இடத்தை விட்டு விலகி நிற்பானேன்? இரண்டாவது சிக்கல் இன்னும் பெரிது. இதே ‘ஒன்’ தலைப்பெயர் இல்லாமலும் வருகிறது: ‘செல் ஃபிஷ் ஒன் வேர் கோ?’ பயனிலையின் இறுதியிலும் வருகிறது: ‘ஹீ ஆல்வேஸ் லேட் ஒன்.’ முந்தைய ஆய்வுமரபு இவற்றை வேறு வேறு ‘ஒன்’கள் என்று பிரிக்கிறது. ஒன்று பிரதிப்பெயர், ஒன்று பெயராக்கி, ஒன்று வெறும் அழுத்தக் குறி. ஒரே சொல், ஒரே இடம் (எப்போதும் தொடரின் கடைசி), ஆனால் மூன்று பெயர்கள்.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இந்த மூன்றும் ஒன்றாகத் தெரிய வேண்டும். ‘மீன் விக்கிறவர் எங்க போனார்?’ என்பது தலைப்பெயர் இல்லாத ‘ஒன்’. ‘அந்த அங்கிள், மீன் விக்கிறவர், இன்னைக்கு வரலை’ என்பது தலைப்பெயருடன் வரும் ‘ஒன்’. ‘அவன் எப்பவும் லேட்டா வர்றவன்’ என்பது பயனிலையாக வரும் ‘ஒன்’. மூன்று இடத்திலும் தமிழ் பயன்படுத்துவது வினையாலணையும் பெயரைத்தான், பெயரெச்சத்தை அன்று. வினையாகத் தொடங்கிய ஒரு தொடர் முழுவதும் பெயராக முடிந்து, அந்தப் பெயர் எழுவாயாகவோ, இன்னொரு பெயருக்குப் பக்கத்தில் அதே பொருளைச் சுட்டும் மறுபெயராகவோ, பயனிலையாகவோ நிற்கிறது. சிங்கப்பூர்த் தொடரில் ‘ஒன்’ கடைசியில் நிற்பதற்கும் இதுவே காரணம். அது பெயரைத் தொடரோடு பிணைக்கவில்லை. தொடரை மூடிப் பெயராக்குகிறது. ‘அங்கிள்’ ஒரு பெயர், ‘செல் ஃபிஷ் ஒன்’ இன்னொரு பெயர். இரண்டும் அடுத்தடுத்து நின்று ஒருவரையே சுட்டுகின்றன. பெயருக்குப் பின் தொடர் வருவதற்கு ஆங்கிலத்தின் துணைகூட இங்கே கட்டாயமில்லை. நன்னூல் இதில் ஒரு நுட்பத்தையும் பதிவு செய்திருக்கிறது: தொழிற்பெயர் படர்க்கைக்கே உரியது, வினையாலணையும் பெயரோ மூவிடத்துக்கும் வரும். ‘ஐ ஆல்வேஸ் லேட் ஒன்’, ‘யூ ஆல்வேஸ் லேட் ஒன்’, ‘ஹீ ஆல்வேஸ் லேட் ஒன்’ என்று மூவிடத்திலும் ‘ஒன்’ தயக்கமின்றி வருவதைப் நன்னூல் ஆசிரியர் பவணந்தியாரின் விதியோடு வைத்துப் பார்க்கலாம். அழுத்தக் குறி என்ற விளக்கத்தால், இவ்வாக்கியங்கள் ஒருநாள் தாமதத்தைச் சொல்லாமல் ஒருவரின் இயல்பைச் சொல்வது ஏன் என்று காட்ட முடியவில்லை. ‘வர்றவன்’ என்ற சொல்லில் அந்த இயல்புப் பொருள் உள்ளேயே இருக்கிறது.

இதைத் தமிழ் தந்த கொடை என்று நான் சொல்லவில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு, ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காடு. எண்ணிக்கையைக் காட்டித் தமிழை விலக்குவோருக்கு நான் சொல்வது, இங்கே கேள்வி யார் கொடுத்தார் என்பதன்று, அது என்ன என்பது. சீனத்தின் ‘மாய் யூ த’வும் தனித்து நின்றால் ‘மீன் விற்பவர்’தான், சந்தை மலாயின் ‘புன்யா’வும் இத்தகைய பெயராக்கத்துக்குப் பயன்பட்டதுதான். மூன்று மொழிகளும் ஒரே இடத்தில் சந்தித்திருக்கின்றன. அந்த இடத்துக்குத் துல்லியமான பெயர் தமிழ் இலக்கணத்தில் இருக்கிறது. ‘ஒன்’னில் ஆண்பால், பெண்பால் வேறுபாடு இல்லையே என்ற மறுப்பு பொருட்படுத்தத் தக்கதன்று, ஆங்கிலச் சொல்லான ‘ஒன்’னுக்குப் பால் விகுதி எங்கிருந்து வரும்? இன்னொரு மறுப்பு கனமானது. பக்கத்தில் நிற்கும் மறுபெயர் கூடுதல் செய்தி மட்டுமே சொல்லும், பல பேரில் ஒருவரைப் பிரித்துக் காட்டாது என்பது அது. ஆங்கிலத்தில் காற்புள்ளி இட்டு எழுதும் தொடருக்கு அது பொருந்தலாம். ‘எங்க மாமா, துபாய்ல இருக்கிறவர், வந்திருக்கார்’ என்று தமிழில் சொன்னால், மாமாக்கள் மூவரில் யார் என்பதைக் காட்டவே அந்த இரண்டாம் பெயர் வருகிறது. என் வாசிப்பை உடைக்க வழியும் உண்டு. ‘நான் வெட்டின கத்தி’ என்று பெயரெச்சம் கருவியைத் தழுவும்; ‘நான் வெட்டினது’ என்ற வினையாலணையும் பெயர் கத்தியைச் சுட்டத் தடுமாறும், வெட்டப்பட்ட பொருளையே சுட்டும். ‘ஒன்’ தொடரும் செய்பவரிடத்தும் செயப்படுபொருளிடத்தும் இயல்பாக வந்து, கருவியிடத்தில் தடுமாற வேண்டும். தடுமாறாமல் எல்லா இடத்திலும் ஒரேபோல் வருமானால் என் கருத்தைக் கைவிட வேண்டியதுதான்.

வகுப்பறைக்கு இது முக்கியம். 2000இல் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் தொடங்கியதிலிருந்து ‘ஒன்’ திருத்தப்பட வேண்டிய பிழைகளில் ஒன்றாகவே பார்க்கப்படுகிறது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் ஆங்கிலத் தாளில் இரண்டு வாக்கியங்களை ‘ஹூ’, ‘ஹூஸ்’, ‘விச்’ கொண்டு ஒன்றாக்கச் சொல்லும் பகுதி இருக்கிறது. பிள்ளை ‘ஒன்’ போட்டு எழுதினால், அதை அடித்துவிட்டு முன்னால் ‘ஹூ’வைச் செருகுவதோடு திருத்தம் முடிந்துவிடுகிறது. ஒரு சொல் விடுபட்டது, இன்னொன்று மிகுந்தது என்ற கணக்கு அது. பிள்ளை எழுதியது அடுக்கி வைத்த இரண்டு பெயர்கள்; ஆங்கிலம் கேட்பது ஒரு பெயரும் அதற்குள் அடங்கிய ஒரு வாக்கியமும். பிள்ளை அறிந்திருக்கும் இலக்கணத்தை இலக்கணமாக ஏற்ற பிறகே அந்த வேறுபாட்டை விளக்க முடியும். தமிழ் வகுப்பில் ‘விற்பவர்’ என்பதை வினையாலணையும் பெயர் என்று கற்பிக்கும் ஆசிரியரும், ஆங்கில வகுப்பில் ‘செல் ஃபிஷ் ஒன்’ என்பதைச் சிவப்பு மையால் அடிக்கும் ஆசிரியரும் பெரும்பாலும் ஒரே மாடியில்தான் இருக்கிறார்கள். கிளமெண்டி சாலையில் உள்ள சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியப் பட்டப்படிப்பு இருக்கிறது. அங்கு பயிலும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் தங்கள் மாணவர்களின் ஆங்கிலப் பயிற்சி ஏடுகளையும் தமிழ்த் தரவாக எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன கருவிச் சோதனையிலிருந்தே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.