மார்க் குறைந்தால் அறிவும் குறைவா? வில்லியனூர், பாகூர் பிள்ளைகளின் மதிப்பெண் உண்மையில் எதைச் சொல்கிறது?

பொதுத்தேர்வு ரிசல்ட் வரும் நாளில் வில்லியனூர், பாகூர் பக்கத்து வீடுகளில் முதலில் கேட்கப்படுவது "எவ்ளோ மார்க்?" என்பதுதான். அடுத்து வருவது பெரும்பாலும் கேள்வியாக இருக்காது, தீர்ப்பாகவே வரும். "அவ மூளைக்காரி", "இவனுக்குப் படிப்பு ஏறாது".

இந்தத் தீர்ப்பு அன்றோடு முடிவதில்லை. பிளஸ் 1-ல் எந்த குரூப், ஐடிஐயா பாலிடெக்னிக்கா, இல்லை படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்கா என்பதெல்லாம் அதை வைத்தே முடிவாகிறது. அப்படியென்றால் மார்க் எதை அளக்கிறது? அது அறிவின் அளவா?

ஒரே தெரு, இரண்டு போர்டு

புதுச்சேரி, காரைக்கால் பள்ளிகள் பல ஆண்டுகள் தமிழ்நாடு பாடத்திட்டத்தைத்தான் பின்பற்றின. அரசுப் பள்ளிகள் படிப்படியாக சிபிஎஸ்இ-க்கு மாறின. 2025-ல் அரசுப் பள்ளி 10, 12-ஆம் வகுப்பு மாணவர்கள் முதல் முறையாக சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுதினார்கள். தனியார் பள்ளிகள் பலவற்றில் தமிழ்நாடு பாடத்திட்டம் தொடர்கிறது.

இதனால் ஒரே தெருவில் அரசுப் பள்ளிப் பிள்ளை ஒரு வினாத்தாளும், தனியார் பள்ளிப் பிள்ளை வேறு வினாத்தாளும் எழுதும் நிலை. தமிழ்நாடு போர்டில் 10-ஆம் வகுப்பு தேர்ச்சிக்கு 100-க்கு 35 வேண்டும். சிபிஎஸ்இ-யில் 33 சதவீதம். பாடப்பகுதி வேறு, கேள்வி கேட்கும் விதமும் வேறு. சிபிஎஸ்இ 10-ஆம் வகுப்பில் பாதி அளவுக்கு, படித்ததைப் புதிய சூழலில் பயன்படுத்திப் பார்க்கும் கேள்விகள் வருகின்றன. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்து பழகியவர்களுக்கு இது புது அனுபவம்.

மொழியும் குறுக்கே வரும். தமிழ்வழியில் படிப்பைத் தொடங்கிய ஒரு மாணவி, அறிவியல் கேள்வியை ஆங்கிலத்தில் புரிந்துகொள்ளத் தடுமாறினால் மார்க் குறையும். குறைந்தது அவளுடைய அறிவியலா, ஆங்கிலமா? மார்க் ஷீட் அதைப் பிரித்துக் காட்டாது. பக்கத்து வீட்டுப் பையனின் 430-ஐயும் இந்தப் பெண்ணின் 390-ஐயும் அருகருகே வைத்து "யார் அறிவாளி" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

ஏ1 கிரேடு என்றால் 91-க்கு மேலா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் சிபிஎஸ்இ பொதுத்தேர்வில் கிரேடு போடும் முறை வேறு. அதிகம் பேர் எழுதும் பாடங்களில், தேர்ச்சி பெற்றவர்களை மார்க் வரிசையில் நிறுத்துகிறார்கள். முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ1, அடுத்த எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ2. இப்படியே டி2 வரை 8 படிகள். தேர்ச்சி பெறாதவர்களுக்கு இ.

அதாவது, கிரேடு என்பது மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தரப்படும் இடம். இந்த வருடம் எல்லோரும் நன்றாக எழுதியிருந்தால், போன வருடம் ஏ2 வாங்கித் தந்த அதே மார்க் இந்த வருடம் பி1 வாங்கித் தரலாம். வரிசையில் எத்தனை பேர் முன்னால் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது இது. பிள்ளையின் மூளை அதே மூளைதான்.

சிபிஎஸ்இ 2026 முதல் 10-ஆம் வகுப்புக்கு ஒரே ஆண்டில் இரண்டு பொதுத்தேர்வு முறையைக் கொண்டுவந்துள்ளது. முதல் தேர்வைக் கட்டாயம் எழுத வேண்டும். விரும்புகிறவர்கள் மே மாதத் தேர்வில் 3 பாடங்கள் வரை மறுபடி எழுதி மார்க்கை உயர்த்திக்கொள்ளலாம். அதிக மார்க் எதுவோ அதுவே நிற்கும். பிப்ரவரியில் 52 வாங்கியவர் மே மாதம் 68 வாங்கினால், இடையில் அவருடைய அறிவா வளர்ந்தது? கூடியது தயாரிப்பும் பழக்கமும்தான்.

அறிவை அளக்கும் தேர்வு எதற்காக வந்தது?

1905-ல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே, தியோடோர் சிமோன் இருவரும் நவீன அறிவுத்திறன் தேர்வின் முதல் வடிவத்தை உருவாக்கினார்கள். பிள்ளைகளைத் தரம் பிரித்து ஒதுக்கிவைப்பது அவர்கள் நோக்கமல்ல. வகுப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகள் யார் என்று கண்டுபிடிப்பதற்காகவே அது வந்தது. அறிவு என்பது மாறாத, நிலையான அளவு என்ற எண்ணத்தை பினே ஏற்கவில்லை. பயிற்சியால் அது வளரும் என்றே அவர் எழுதினார். ஐ.க்யூ எண்ணை முத்திரையாகக் குத்தும் பழக்கம் பிற்பாடு வந்தது.

அப்படியானால் மார்க்குக்கும் அறிவுக்கும் சம்பந்தமே இல்லையா?

அப்படிச் சொல்வதும் தவறு. சம்பந்தம் உண்டு. இயன் டியரி குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், இங்கிலாந்தில் 70,000-க்கும் அதிகமான பிள்ளைகளின் 11 வயது அறிவுத்திறன் தேர்வையும் 16 வயது பொதுத்தேர்வையும் ஒப்பிட்டார்கள். முழுப் பொருத்தம் என்றால் 1. அவர்களுக்குக் கிடைத்தது 0.81. இது வலுவான தொடர்பு. ஆனாலும் மாணவர்களுக்கிடையே இருந்த மார்க் வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அறிவுத்திறன் தேர்வால் விளக்க முடியவில்லை.

அந்த மிச்சத்தில் என்ன இருக்கும்? ஏஞ்சலா டக்வொர்த், மார்ட்டின் செலிக்மேன் இருவரும் 2005-ல் அமெரிக்க 8-ஆம் வகுப்பு மாணவர்களிடம் செய்த ஆய்வு ஒரு பதில் தருகிறது. மார்க்கை முன்கூட்டிச் சொல்வதில் ஐ.க்யூ-வை விட சுயகட்டுப்பாடு, அதாவது தினமும் உட்கார்ந்து படிக்கும் பழக்கம், அதிகம் கைகொடுத்தது. தவிர, படிக்க இடம், நல்ல ஆசிரியர், டியூஷன், சாப்பாடு, தூக்கம், தேர்வன்று உடல்நிலை என்று பட்டியல் நீளும்.

கரும்பு வெட்டுக்கு முன், வெட்டுக்குப் பின்

புதுச்சேரிக்கு மிக அருகிலேயே நடந்த ஒரு ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த அந்த ஆய்வு 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. அறுவடைக்கு முன் கையில் காசு இருக்காது. கடன், அடகு என்று நெருக்கடி. அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு நிலைமை மாறும். இந்த இரண்டு நேரங்களிலும் அதே விவசாயிகளுக்கு, படங்களின் வரிசையைக் கண்டுபிடிக்கும் அறிவுத்திறன் தேர்வு வைத்தார்கள்.

பணம் வந்த பிறகு அதே மனிதர்கள் கூடுதல் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னார்கள். சில மாதங்களில் யாரும் புதிதாக அறிவாளி ஆகிவிடவில்லை. பணக் கவலை மனதின் ஒரு பகுதியை அடைத்துக்கொண்டிருந்தது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வேறு நாடுகளில் நடந்த சில ஆய்வுகளில் இதே விளைவு இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை என்பதால் விவாதம் தொடர்கிறது. ஆனாலும் கரும்பும் நெல்லும் விளையும் பாகூர் பக்கத்து வீடுகளுக்கு அந்தச் சூழல் தெரியாததல்ல. வட்டி கட்டும் கவலை பேசப்படும் வீட்டில் இருந்துதான் ஒரு பிள்ளை தேர்வு மையத்துக்குப் போகிறது.

சந்தைக் கணக்கு, பள்ளிக் கணக்கு

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் 2025-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வும் கவனிக்க வேண்டியது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் கடையில் நிற்கும் பிள்ளைகள் எடை, விலை, மீதிச் சில்லறை எல்லாவற்றையும் பேப்பர் இல்லாமல் மனதிலேயே சரியாகப் போட்டார்கள். அதே அளவு எளிய கணக்கைப் பள்ளிக்கூடப் பாணியில் எழுதிக் கொடுத்தபோது பலர் திணறினார்கள். கடைக்குப் போகாத பள்ளிப் பிள்ளைகளுக்கோ நேர் எதிர். பேப்பர் கணக்கு வந்தது, கடைக் கணக்கு வரவில்லை.

அப்பாவோடு வாரச் சந்தையில் காய்கறி விற்று, 3 பேருக்கு ஒரே நேரத்தில் சில்லறை கொடுக்கும் பையன் கணக்கில் 30 வாங்கினால், "கணக்கு வராது" என்று சொல்ல முடியுமா? அவனுக்குத் தெரிந்த கணக்கைப் பேப்பருக்குக் கொண்டுவர யாரும் சொல்லித் தரவில்லை என்பதே சரி.

அரசுகளே ஒப்புக்கொண்டது எப்படி?

தமிழ்நாடு அரசு 2017 முதல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. கொரோனாவால் 2021-ல் பிளஸ் 2 பொதுத்தேர்வு ரத்தானபோது, 10-ஆம் வகுப்புக்கு 50, பிளஸ் 1-க்கு 20, பிளஸ் 2 செய்முறை மற்றும் அகமதிப்பீட்டுக்கு 30 என்ற விகிதத்தில் மார்க் தரப்பட்டது. தேர்வே எழுதாமல் மார்க் ஷீட் வந்தது, அதை வைத்தே காலேஜும் கிடைத்தது.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு 2020-ல் 7.5 சதவீதம், புதுச்சேரி 2023-ல் 10 சதவீதம் உள் ஒதுக்கீடு கொண்டுவந்தன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் மார்க்கையும் அரசுப் பள்ளிப் பிள்ளையின் மார்க்கையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதுதான் இதன் அடிப்படை.

மார்க் குறைந்தால் படிப்பை நிறுத்துவது ஏன் தவறு?

ஸ்டூவர்ட் ரிச்சி, எலியட் டக்கர்-டிராப் இருவரும் 2018-ல், 6 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தரவுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். கூடுதலாகப் படிக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஐ.க்யூ சராசரியாக 1 முதல் 5 புள்ளிகள் வரை உயர்கிறது என்று கண்டார்கள். அறிவு இருந்தால்தான் படிப்பு என்று வீடுகளில் நினைக்கிறார்கள். படிப்பும் அறிவை வளர்க்கிறது என்கிறது இந்த ஆய்வு. "அறிவு இல்லை" என்று சொல்லிப் பள்ளியை நிறுத்தினால், அறிவு வளரும் வழியைத்தான் அடைக்கிறோம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* மொத்த மார்க்கை விடுங்கள், பாடவாரியாகப் பாருங்கள். ஒரே பாடம் இழுத்துவிட்டதா, எல்லாமே குறைந்ததா?
* காரணம் பாடமா, மொழியா, எழுதும் வேகமா, வீட்டுச் சூழலா என்று பிள்ளையிடமும் ஆசிரியரிடமும் கேளுங்கள்.
* எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு போன்றவற்றில் அந்த வகுப்புக்கு எது உண்டு என்று பள்ளியில் விசாரியுங்கள். இதற்குக் கடைசித் தேதி சீக்கிரமே முடிந்துவிடும்.
* ஒரு பாடத்தில் தோற்றால் வருடம் போய்விடாது. இரண்டு போர்டிலும் அதே ஆண்டில் மறுபடி எழுத வழி உண்டு.
* ஐடிஐ, பாலிடெக்னிக் போவது தண்டனை அல்ல. பிள்ளைக்கு விருப்பம் இருந்து போகட்டும். "உனக்கு மூளை இல்லை" என்று சொல்லி அனுப்ப வேண்டாம்.

மார்க் பொய் சொல்வதில்லை. அந்தப் பாடத்தை, அந்த மொழியில், அந்த 3 மணி நேரத்தில் பிள்ளை எவ்வளவு எழுதிக் காட்டியது என்பதை அது சொல்கிறது. காலேஜ் சீட்டுக்கு அது தேவை, அதனால் முயற்சியும் தேவை. அந்தப் பிள்ளையால் இனி எவ்வளவு முடியும் என்ற கேள்வி வினாத்தாளில் இல்லை. அதனால் பதிலும் மார்க் ஷீட்டில் இருக்காது.