சேமநிதியில் கைவைத்த காலம்

2020 என்றாலே நோயைப் பேசுகிறோம், பூட்டிய கதவுகளைப் பேசுகிறோம். அந்த ஆண்டு அரசாங்கக் கஜானா என்னவானது என்று யாரும் கேட்பதில்லை. வரிக்கணக்கு யாருக்கு வேணும்? எனக்கு வேண்டும். பஞ்ச காலத்தில் யார் செலவில் யார் பிழைத்தார்கள் என்பது அதில்தான் தெரிகிறது.

நீரிணைக் குடியேற்றங்களை ஆண்ட பிரிட்டிஷாருக்குச் சில ஆண்டுகளில் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அபினியிலிருந்து வந்தது. சீனக் கூலி புகைத்த காசில் சாலை போட்டார்கள். பிறகு ஈயம், ரப்பர், கடைசியில் எண்ணெய். ஒன்றிரண்டு பண்டங்களை நம்பியே கஜானாவை ஓட்டுவது இங்கே பழைய பழக்கம்.

அதை மாற்றத்தான் 2015இல் ஜி.எஸ்.டி. வந்தது. 2017இல் சுமார் 44 பில்லியன் ரிங்கிட் திரட்டியது. மக்கள் அதை வெறுத்தார்கள், நானுந்தான். 2018 ஜூனில் அது பூஜ்யமாக்கப்பட்டது. செப்டம்பரில் திரும்பிய விற்பனை, சேவை வரி அந்த அளவு தரவில்லை. மறுபடி எண்ணெய்தான். 2019இல் பெட்ரோனாஸ் 54 பில்லியன் லாப ஈவு கொடுத்தது.

மறு ஆண்டு மார்ச் 18, எம்.சி.ஓ. கடைகள் மூடின. உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தது. பொருளாதாரம் 5.6 விழுக்காடு சுருங்கியது. கூட்டரசு வருமானம் ஏறத்தாழ 264 பில்லியனிலிருந்து 225 பில்லியனுக்கு இறங்கியது. பெட்ரோனாஸ் ஈவும் 34 பில்லியன்தான். மொத்த உற்பத்தியில் 55 விழுக்காடாக இருந்த கடன் வரம்பை 60 ஆக்கினார்கள், அடுத்த ஆண்டு 65.

அரசு ரொக்கமும் கொடுத்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெரிய பணம் வேறெங்கோ இருந்தது. "இ.பி.எஃப். எடுத்தாச்சா?" என்பதே அன்று நலம் விசாரிப்பு. மாதம் 500 ரிங்கிட் தந்த ஐ-லெஸ்தாரி, பிறகு ஐ-சினார், ஐ-சித்ரா, 2022இல் சிறப்பு மீட்பு. மொத்தம் சுமார் 145 பில்லியன். அரசாங்கம் கொடுத்த காசு என்றே பலர் பேசினார்கள். அது அவரவர் சம்பளத்தில் பிடித்த காசு.

1951இல் தொடங்கிய நிதி அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வெளியேறிய நம்மவர்கள் பலருக்குக் கையில் இருந்ததே அந்தப் பணந்தான். 2021இன் இறுதியில் 10,000 ரிங்கிட்டுக்கும் குறைவாக வைத்திருந்த உறுப்பினர்கள் 60 லட்சத்துக்கும் மேல். மாதம் 500 ரிங்கிட் எடுத்தால் 10,000 இருபது மாதத்தில் தீரும்.