கடைசி நேரத் திருத்தம்

பெரிய வணிக நிறுவனமொன்று நலிந்து வீழ்வதற்கு ஆண்டுகள் பல செல்வதே இயல்பு. ஐக்கிய அமெரிக்காவிற் பங்கு வியாபாரத்திலே முன்னணியில் நின்ற நைற் கப்பிற்றல் என்னும் நிறுவனமோ, 2012ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி காலை 45 நிமிட நேரத்தில் நிலைகுலைந்தது. அதனை வீழ்த்தியது போருமன்று, பஞ்சமுமன்று. நன்கு இயங்கிக்கொண்டிருந்த மென்பொருளில் அவசரமாகச் செய்யப்பட்ட ஒரு திருத்தமே.

சிறு முதலீட்டாளருக்கென நியூயோர்க் பங்குச் சந்தை வகுத்த புதிய ஏற்பாடு அன்று தொடங்குவதாயிருந்தது. அதற்கான அனுமதியோ யூலை மாதத் தொடக்கத்திலேதான் கிடைத்தது. முதல் நாளிலேயே அதிற் பங்குகொள்ள விரும்பிய நிறுவனம், தன் கணினிகளுக்குப் புதிய கட்டளைகளை விரைந்து எழுதியது. எழுதியவர்கள் பழைய அடையாளக் குறியொன்றையே மீண்டும் பயன்படுத்தினர். அக்குறி முன்னாளில் வேறொரு வேலையை ஏவியது. 2003ஆம் ஆண்டிலே கைவிடப்பட்ட அவ்வேலைக்குரிய கட்டளைகள் அழிக்கப்படாமலே கிடந்தன. வாங்கியது போதும் என்று கணக்கிட்டு நிறுத்தும் பகுதியும் 2005ஆம் ஆண்டில் வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. மாற்றியபின் எவரும் அதனைப் பரீட்சித்துப் பார்த்திலர்.

கணினிகள் எட்டு. புதிய கட்டளைகள் ஏழிலே பதிக்கப்பட்டன, எட்டாவது விடுபட்டது. பதித்தவர் பணியை இரண்டாமவர் ஒருவர் சரிபார்க்கவில்லை. பரீட்சைக்கு முதல்நாள் நேரசூசியைத் திருத்தி, ஒரு வகுப்புக்கு மட்டும் சொல்ல மறந்தால் என்ன நேருமென்பதை ஆசிரியரெவரும் அறிவர்!

அன்று சந்தை திறக்குமுன்பே, பிழையொன்றைச் சுட்டி 97 மின்னஞ்சல்கள் நிறுவனத்தாருக்குச் சென்றன. அவை அபாய அறிவிப்புகளாக வகுக்கப்பட்டவையல்ல. ஆதலின் எவரும் பொருட்படுத்தவில்லை. 9.30 மணிக்குச் சந்தை திறந்ததும் எட்டாவது கணினியிற் பழைய பூதம் விழித்தெழுந்தது. வாடிக்கையாளரின் 212 சிறு கட்டளைகளுக்காக, 154 கம்பனிகளின் பங்குகளிலே நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கொடுக்கல் வாங்கல்கள் நிகழ்ந்தன.

இதன்பின் நிகழ்ந்ததுதான் மிகவும் இரங்கத்தக்கது. புதிய கட்டளைகளே குற்றவாளிகளென எண்ணிய தொழில்நுட்பவியலாளர், சரியாக இயங்கிய ஏழு கணினிகளிலிருந்தும் அவற்றை அகற்றினர். அகற்றவே, ஒன்றிலிருந்த கேடு எட்டிலும் பரவியது. முதற் பிழைக்கேனும் சில நாள் அவகாசமிருந்தது. இரண்டாவதோ சந்தை திறந்திருக்கையிலேயே, நிமிடக் கணக்கிற் செய்யப்பட்டது. அவசரத்தால் விளைந்த கேட்டை அதனினும் பெரிய அவசரத்தாற் போக்க முயன்றனர் எனலாம்.

நட்டம் 46 கோடி டொலருக்கு மேல். வெளியார் சிலர் முதலிட்டு நிறுவனத்தை அப்போதைக்குக் காப்பாற்றினர். 2013ஆம் ஆண்டு ஒக்ரோபரில், பங்குச் சந்தைகளை மேற்பார்வை செய்யும் அரசாங்க ஆணைக்குழு 1 கோடி 20 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. அதற்கு முன்பே, அவ்வாண்டு யூலை மாதத்தில், நைற் கப்பிற்றல் வேறொரு நிறுவனத்துடன் இணைந்து தன் தனிவாழ்வை முடித்துக்கொண்டது.